கேமராவுக்குள் ஓர் ஆள்

அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் எதுவும் காயவில்லை. மழை நின்ற நேரத்திலும் காற்றில் ஈரம் தொங்கியது. வீட்டுக் கொடியில் மூன்று நாள் கிடந்த துணியில் வாடை வந்த பிறகு, எல்லோரும் அதைச் சுருட்டிக்கொண்டு லாண்டரிக்கு வந்தோம். அங்கே உலர்த்தும் இயந்திரம் ஒன்றுதான். காத்திருக்கிறவர்களுக்கு இரண்டு நீள பெஞ்சு, ஒரு மின்விசிறி, கண்ணாடிக் கதவில் ஒட்டிய ஒரு தாள். 'வைஃபை இலவசம். பாஸ்வேர்ட் 12345678. சேற்றுக் காலைத் துடைத்துவிட்டு வரவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

முதல் இரண்டு வாக்கியங்களைத் தெருவே மனப்பாடம் செய்துவைத்திருந்தது. மூன்றாவதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை.

தாளை எழுதியது லாண்டரி அக்கா. கீழே கடை, மேலே வீடு. காலை ஏழு மணிக்கு நீராவி இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள் என்றால் சாயங்காலம்தான் கீழே வைப்பாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பி அவள் முகம் மறையும். தெளியும்போது ஒரு சட்டை முடிந்திருக்கும். அவள் கணவர் வேனில் போய் ஆஸ்பத்திரிகளிலிருந்து படுக்கை விரிப்புகளை அள்ளி வருவார். பேச்சு குறைந்த மனிதர். மாடியில் அவருடைய அப்பா. முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் 'டிரைவர்'. மனைவி போய் ஆறு வருடமாகிறது.

டிரைவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரி உண்டு. எதிர்ப்பக்கத்து சலூன்காரர். பதினோரு வருடத்துக்கு முன், ஓய்வு பெறும் நாளன்று, விடைபெறும் படம் எடுக்கப் போகும் அவசரத்தில் மீசையை ஒதுக்கிக்கொள்ள அங்கே போனார். வெளியே வரும்போது இடப்பக்க மீசை பாதிதான் இருந்தது. அதே மீசையோடுதான் மாலையும் கழுத்துமாகப் படத்தில் நின்றார். அந்தப் படம் சமையலறைக்குள் நுழையும் இடத்தில் இன்றும் தொங்குகிறது. "அவன் கை நடுங்கிருச்சு," என்பது டிரைவரின் கட்சி. "அவர் தலைய ஆட்டுனார்," என்பது சலூன்காரரின் கட்சி. அன்றிலிருந்து டிரைவர் முடி வெட்டிக்கொள்ள இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறார். சலூன்காரரின் லாண்டரித் துணியை அவர் கையால் தொட மாட்டார்.

கேமரா வந்தது பாலால். தினமும் நாலு மணிக்கு டிரைவர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்காருவார். உட்கார்ந்ததும் கண் செருகிவிடும். இரண்டு பாத்திரம் கருகின. மூன்றாவது கருகியபோது புகை கடைக்கே இறங்கி வந்தது. அக்கா நீராவிப் பெட்டியை விட்டுவிட்டு அடிக்கடி மாடி ஏற முடியுமா? கணவர் எலக்ட்ரிக் கடையில் ஒரு கேமரா வாங்கி வந்து, ஃப்ரிட்ஜ் தலையில் வைத்து, அடுப்பைப் பார்க்கத் திருப்பினார். "சொருகுனா போதும், வேலை செய்யும்," என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சொருகினார். வேலை செய்தது. அதற்கு மேல் அவர் எதையும் தொடவில்லை. அக்கா தன் போனை இஸ்திரி மேஜையில் சாய்த்து வைத்து அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். ஆவிச் சத்தத்தில் எப்படியும் ஒன்றும் கேட்காது என்று ஒலியை அணைத்துவிட்டாள். படத்தில் மாமாவின் வாய் அசைந்தால், தனியாக ஏதோ பேசிக்கொள்கிறார் என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு பாத்திரம் கருகவில்லை. அதைவிட ஆச்சரியம், டிரைவர் மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிட்டார். துண்டை உதறிக் காயப் போட்டார். படியிறங்கி வரும்போது வாய்க்குள் ஏதோ பாட்டுகூட முனகினார். கேமரா நல்ல ராசி என்று அக்கா பெஞ்சில் இருந்த எங்களிடம் சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டு மணிச் சாப்பாட்டில் விஷயம் உடைந்தது. உருளைக்கிழங்கு சூப்பும் ரொட்டியும். அக்கா பிறகு என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

டிரைவர் ஒரு வாய் குடித்துவிட்டு மகனைப் பார்த்தார். "பாத்தியா, உப்பு கம்மி. சாயங்காலமே சொன்னேன்ல."

"எப்பப்பா சொன்னீங்க?"

"நாலு மணிக்கு. கேமராவுல."

"கேமராவுலயா?"

"ஆமாடா. நீதான 'பாலை எறக்குங்க'ன்னே. அப்புறம் அரை மணி நேரம் பேசிட்டிருந்தோமே."

மகன் ரொட்டியைக் கீழே வைத்தார். "அப்பா, அந்தக் கேமரா பேசும்னே எனக்குத் தெரியாது. நாலு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில அழுக்குத் துணி ஏத்திட்டிருந்தேன்."

"வெளையாடாத. மூணு வாரமா தெனமும் பேசுற."

அப்பாவும் மகனும் நேரில் பேசிக்கொள்வது ஒரு நாளைக்கு நாலைந்து சொல். 'மாத்திரை?' 'ம்.' 'கதவு?' 'சாத்திட்டேன்.' அவ்வளவுதான். டிரைவர் சூப்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான்கூட நெனச்சேன், என்னடா இவன் திடீர்னு இவ்வளவு பொறுமையா கேக்குறானேன்னு."

மகன் முகம் என்னவோ போல் ஆனது. அக்கா விருட்டென்று எழுந்து போய் ஓர் ஆஸ்பத்திரித் தலையணை உறையை எடுத்து வந்து, பின்னாலிருந்து பதுங்கிப் போய், கோழியை அமுக்குவதுபோலக் கேமராவின் மேல் கவிழ்த்து, கழுத்தில் நாடா கட்டினாள்.

"மாமா, அந்தாள்கிட்ட என்னென்ன சொன்னீங்க?"

"என்ன சொல்லப் போறேன்... மழை, முட்டி வலி, பழைய ரூட்டு..."

"வேற?"

"மாத்துச் சாவி சோப்பு டிரம்முக்கு அடியில இருக்குன்னு."

"ஐயோ! வேற?"

"வியாழக்கிழமை நீங்க ரெண்டு பேரும் வெளிய போயிடுவீங்கன்னு. உன் அக்கா புருஷன் குறட்டை விடுறதப் பத்தி. அந்த சலூன்காரனப் பத்தி நெறைய."

"என்னப் பத்தி?"

"உன்னப் பத்தி நல்லதாத்தாம்மா சொன்னேன். உப்பத் தவிர ஒரு கொறையும் இல்லன்னேன்."

அக்கா கீழே ஓடிப்போய்ச் சாவியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் இன்டர்நெட் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். தோளில் ஏணி, இடுப்பில் கருவிப் பை, காலில் ரப்பர் பூட்ஸ். அவளை எங்கள் தெரு ஏணியம்மா என்று அழைக்கும். சோப்பு டிரம்களுக்குப் பின்னால், பஞ்சும் நூலும் போர்த்திக் குருவிக்கூடு மாதிரி கிடந்த வைஃபை பெட்டியைத் தேடி எடுத்து ஊதினாள். கவுண்ட்டரில் மடிக்கணினியைத் திறந்தாள். பெஞ்சில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம்.

"அக்கா, வீட்ல எத்தன போனு?"

"எனக்கு, அவருக்கு, மாமாவுக்கு. மூணு. அப்புறம் அந்தச் சனியன் புடிச்ச கேமரா."

"நாலு. இப்ப உங்க லைன்ல நாப்பத்தோரு பொருள் தொங்குது."

பெஞ்சில் இருந்த ஆறு போன்களும் சத்தமில்லாமல் பைக்குள் போயின. அதில் ஒன்று என்னுடையது.

ஏணியம்மா பட்டியலைப் படித்தாள். "'டீச்சர் வீட்டு டிவி'ன்னு ஒண்ணு. 'தொடாதே'ன்னு ஒண்ணு. இது ஒரு ஃப்ரிட்ஜ்."

"ஃப்ரிட்ஜா? அதுக்கு எதுக்குடி நெட்டு?"

"இப்ப எல்லாத்துக்கும் இருக்குக்கா. எந்த வீட்டு ஃப்ரிட்ஜுன்னு தெரியல."

"எவ்வளவு தூரம் எட்டுது இது?"

"தெருவுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் நல்லா எட்டும்."

அக்கா கண்ணாடிக் கதவிலிருந்த தாளைத் திரும்பிப் பார்த்தாள். தானே எழுதியது. "துணி காயுற வரைக்கும் சும்மா உக்காந்திருக்காங்களே, பாவம்னு ஒட்டுனேன்."

"தாள் ஒட்டுனது ஒரு தப்பு. அது வாசக் கதவைத் திறந்து போட்ட மாதிரி. ஆனா உள்ள ரூமுக்காவது பூட்டு இருக்கணும்ல? கேமராவுக்குக் கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்த பாஸ்வேர்டே கெடக்கு. இந்தப் பெட்டிக்கும் அதேதான். பேரு அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். அட்டைப் பெட்டியிலயே அச்சடிச்சிருப்பான். உங்க வைஃபைக்குள்ள வந்தவன் எவனா இருந்தாலும் கேமராவத் திறக்கலாம், பாக்கலாம், பேசலாம்."

"அட்மின்னா யாரு?"

"வீட்டு எஜமானி. நீங்கதான். இப்போதைக்கு நாப்பத்தோரு பேரும்."

கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "மொதல்ல எல்லாத்தையும் அணைச்சிடும்மா."

"அணைச்சா ஆளு யாருன்னு எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா. "சாவி வெச்ச எடம் தெரிஞ்சவன் நாளைக்கு நம்ம கடையில சட்டை குடுத்துட்டு என் மூஞ்சியப் பாத்துச் சிரிப்பான். நான் ரசீது எழுதிக் குடுக்கணுமா?"

ஏணியம்மா யோசித்தாள். கேமராவோடு எந்தப் பொருள் பேசுகிறது என்பதை, அது பேசிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் பிடித்துவிடலாம். ஆனால் ஆள் கொஞ்ச நேரம் பேச வேண்டும்.

"எவ்வளவு நேரம் வேணும்?" என்று படியிலிருந்து டிரைவர் கேட்டார். எப்போது இறங்கி வந்தார் என்று தெரியவில்லை. "நான் பேச வைக்கிறேன்."

நாலு மணிக்கு எல்லோரும் மாடியில் இருந்தோம். மேஜையில் மடிக்கணினியோடு ஏணியம்மா. கதவோரம் கணவர். சுவரோடு சுவராக அக்கா. சாட்சிக்கு நான், ஓசி வைஃபைக்கு அபராதம் என்று அக்கா சொல்லிவிட்டாள். சன்னல் திறந்திருந்தது, மழை தூறிக்கொண்டிருந்தது. டிரைவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, தலையைப் படிய வாரி வந்து உட்கார்ந்தார்.

"எதுக்கு மாமா புதுச் சட்டை?" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"என்ன இருந்தாலும் பேச வர்ற ஆளும்மா."

அக்கா தலையணை உறையை உருவினாள். டிரைவர் பாலை அடுப்பில் ஏற்றினார். கேமராவுக்குள் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது மாதிரி ஒரு குரல்.

"பால் வெச்சாச்சா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த டப்பாச் சத்தத்தில் அது யாருடைய குரலாகவும் இருக்கலாம். அவள் கணவருடையதாகவும்.

"வெச்சிட்டேன்," என்றார் டிரைவர். "மழை."

"ஆமா. மழை. முட்டி எப்படி இருக்கு?"

"அப்படியேதான்."

ஏணியம்மா விரலைச் சுழற்றினாள்: பேசுங்கள், இன்னும் பேசுங்கள். மூன்று வாரமாக அரை மணி நேரம் அரை மணி நேரமாகப் பேசியவருக்கு, நாலு பேர் பார்க்கும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. கூரையைப் பார்த்தார். பாலைப் பார்த்தார். கடைசியில் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"அந்த மீசை விஷயம் சொன்னேன்ல."

"சொன்னீங்க." குரல் கொஞ்சம் வறண்டது. "பதினஞ்சு தடவ சொன்னீங்க."

"அதுல ஒண்ண மட்டும் சொல்லல. யார்கிட்டயும் சொன்னதில்ல." டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்குக் கத்தி மீசையில இருந்தப்போ தெருவுல ஒரு பஸ்ஸு போச்சு. எவனோ புதுப் பய. கிளட்ச்ச முழுசா மிதிக்காம கியர் மாத்துறான். நறநறன்னு பல்லக் கடிக்குது வண்டி. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. எவன்டா அவன்னு... நான்தான் வெடுக்குனு திரும்புனேன். அவன் மேல தப்பு இல்ல."

பால் ஓரத்தில் நுரை கட்டியது.

பிறகு ஒரு கத்தல். முதலில் சன்னல் வழியாகவும், ஒரு நொடி கழித்து அதே கத்தல் கேமரா வழியாகவும் வந்தது.

"அப்படி வாய்யா வழிக்கு! பதினோரு வருஷம்யா!"

எல்லோரும் சன்னலைப் பார்த்தோம். எதிரே சலூன். ஏணியம்மா மட்டும் திரையிலிருந்து தலையை எடுக்காமல், "ஒரு நிமிஷம்க்கா, கிட்டத்தட்டக் கண்டுபுடிச்சுட்டேன்," என்றாள்.

அக்கா குடைகூட எடுக்காமல் தெருவைக் கடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம். சலூன்காரர் ஒரு கையில் போனும் மறு கையில் கத்தியுமாக நின்றிருந்தார். தான் கத்தியது அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நாற்காலியில் பாதி முகம் நுரையோடு தபால்காரர்.

"அண்ணே, நீங்களா?"

"உக்காரும்மா, சொல்றேன்."

"நான் உக்கார வரல."

அவர் சொன்னார். அவரும் அதே எலக்ட்ரிக் கடையில் அதே கேமராவைத் தன் சலூனுக்கு வாங்கியிருக்கிறார். அவருடைய போனும் லாண்டரி வைஃபையில்தான். போனில் திறந்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு கேமரா காட்டியது. இரண்டாவதற்கும் தன் பெட்டியில் அச்சடித்திருந்த அதே பாஸ்வேர்டைப் போட்டார். திறந்துகொண்டது.

"பொய் சொல்ல மாட்டேன். உள்ள அவரு உக்காந்திருந்தார். மூஞ்சியப் பாத்துச் சிரிக்கலாம்னுதான் பாத்தேன். பாத்தா மனுஷன் தூங்குறாரு, பாலு பொங்கி அடுப்ப அணைச்சிருச்சு, கேஸு போயிட்டிருக்கு. கத்துனேன். எந்திரிச்சு மூடிட்டு, 'சரிடா தம்பி'ன்னார். நான் யாருன்னு சொன்னா கேஸத் திரும்பவும் திறந்து விட்டுருவாரோன்னு பயம். அவரு மகன்னு நெனச்சுத் தம்பின்னார், நான் மறுக்கல. மறுநாளும் நாலு மணிக்குக் கண்ணு தன்னால போனுக்குப் போச்சு."

"ஒரு நாள் கத்துனீங்க. அதுக்குக் கால்ல விழுறேன். அன்னைக்கே ரோட்டத் தாண்டி வந்து சொல்லியிருந்தா நீங்க மனுஷன். மூணு வாரம் பாத்திருக்கீங்களே அண்ணே! அது என் அடுப்படி. தலைய விரிச்சுப் போட்டு நிப்பேன். அழுதுட்டுகூட நிப்பேன்."

"நாலு மணிக்கு மட்டும்தாம்மா..."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்," என்றார் சலூன்காரர். கத்தியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துவிட்டு, போனை அக்காவிடம் நீட்டினார். "நீயே அழிச்சிடும்மா." அவர் கை உண்மையிலேயே நடுங்கியது.

தபால்காரர் நாற்காலியிலிருந்து பணிவாக, "இந்தப் பக்கமும் முடிச்சுட்டுச் சண்ட போட்டா நல்லாருக்கும்," என்றார்.

டிரைவர் சலூன் வாசற்படிக்கு வெளியே மழையில் நின்றிருந்தார். உள்ளே கால் வைக்கவில்லை. சலூன்காரரைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தோம். திரும்பி நடந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் வரை ஏணியம்மா உட்கார்ந்து வேலை பார்த்தாள். பெட்டிக்குப் புதுப் பாஸ்வேர்ட், கேமராவுக்கு வேறு, வைஃபைக்கு வேறு. பேர் கூடாது, பிறந்த நாள் கூடாது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொல்லைக் கோத்து நீளமாக வைக்கச் சொன்னாள். அக்கா கையால் மறைத்துக்கொண்டு தட்டினாள். கணவருக்கே மறுநாள்தான் சொன்னாள் என்று கேள்வி. ஏணியம்மா கேமராவுக்குள் கம்பெனி புதிதாக அனுப்பியிருந்த திருத்தங்களையும் ஏற்றினாள். பெஞ்சில் காத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு லைன் போட்டாள். அதில் இருப்பவர்களுக்கு இன்டர்நெட் வரும், வீட்டுப் பொருள் எதுவும் கண்ணில் படாது. மாதம் ஒரு தடவை அதன் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். கேட்கிறவர்களுக்கு அக்கா வாயால் சொல்வாள். கதவில் இருந்த தாளைக் கிழித்தாள். மறுநாள் டீச்சர் வீட்டு டிவி செத்தது. பக்கத்து மாடி வீட்டுக்காரர் தன் ஃப்ரிட்ஜ் ஏதோ கோபித்துக்கொண்டதாகச் சொன்னார். அப்படித்தான் அது யார் வீட்டு ஃப்ரிட்ஜ் என்று தெரிந்தது. நான் சொந்தமாக ஒரு கனெக்‌ஷன் வாங்கினேன்.

எல்லாம் பத்திரமாகிவிட்டது. டிரைவர் மட்டும் சரியில்லை. கேமராவின் வயரைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டார். பாலே வைப்பதில்லை. நாலு மணிக்கு அணைந்த அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தார். மகனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் வேனை ஓரம் கட்டிவிட்டு நாலு மணிக்கு மாடி ஏறினார். எதிரே இன்னொரு நாற்காலி போட்டார்.

"அப்புறம்ப்பா?"

"அப்புறம் என்ன?"

"மழை."

"ஆமா."

கால் மணி நேரம் இருவரும் அடுப்பைப் பார்த்தார்கள். மறுநாளும் வந்தார். அன்று ஆஸ்பத்திரி லிஃப்ட் ரிப்பேர் ஆன கதையைத் தயார் பண்ணிக்கொண்டு வந்து சொன்னார். அது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. டிரைவர் மகனுடைய முழங்காலில் தட்டினார். "நீ வந்ததே போதும்டா. வண்டியப் பாரு. பேச வராதவனப் பேச வெச்சா பாக்கப் பாவமா இருக்கு." மகன் எழுந்து போனார். ஆனால் அன்றிலிருந்து, பேசாவிட்டாலும், நாலு மணிக்கு ஐந்து நிமிடம் வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார்.

ஒன்பதாம் நாள் மழை விட்டிருந்தது. சலூன்காரர் வெள்ளைக் கோட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு லாண்டரிக்கு வந்தார். அக்கா முகத்தைப் பார்க்காமல் ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு அடிக்க ஐந்து நிமிடம்.

"வைஃபை... மாத்திட்டீங்க போல," என்றார்.

பெஞ்சில் நாங்கள் மூச்சை அடக்கினோம். அக்காவின் கையில் நீராவிப் பெட்டி புஸ்ஸென்றது. படியின் மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருக்குய்யா வேணும் வைஃபை?"

சலூன்காரர் தலையை உயர்த்தாமல், "வேணாம். சும்மா கேட்டேன். இந்நேரம் ஆனா ஒரு மாதிரி இருக்கு," என்றார்.

"என் மருமக அடுப்படியத் திருட்டுத்தனமா பாத்தவனுக்குப் பாஸ்வேர்ட் கெடையாது."

"சரி."

"எந்தக் காலத்துலயும் கெடையாது."

"சரிங்கிறேன்ல."

அவர் கதவு வரைக்கும் போய்விட்டார்.

"வாசல்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றது மாடிக் குரல். "ஆளுன்னா வந்து கதவத் தட்டணும். திறக்குறதா வேணாமான்னு உள்ள இருக்குறவன் பாத்துக்குவான்." மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சலூன்காரர் அக்காவைப் பார்த்தார். அவள் ஒரு காலரை முன்னும் பின்னுமாக இரண்டு தடவை தேய்த்தாள். அது ஏற்கெனவே தேய்த்து முடித்த காலர்.

"கூடத்துல உக்காந்து பேசுங்க," என்றாள் கடைசியில். "அடுப்படிக்கு வரக் கூடாது. அஞ்சு மணிக்குக் கெளம்பிடணும்."

அவர் படியேறினார். மேலே தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, மூன்று தட்டு.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"என்னய்யா, குரல் தெரியலயா?"

"தெரியுது. இனிமே குரல வெச்சு நான் யாரையும் நம்புறதா இல்ல. யாருன்னு சொல்லு."

கீழே உலர்த்தும் இயந்திரத்தை அக்கா நிறுத்திவிட்டாள்.

"எதிர்த்த சலூன்காரன்."

"எதுக்கு வந்த?"

அவர் சொன்னார், கதவோடு முகத்தை ஒட்டிக்கொண்டு சொன்ன மாதிரி:

"பேசத்தான்."

தாழ்ப்பாள் விலகிய சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது.